போனைப் பிள்ளையிடம் கொடுங்கள்: அமெரிக்க உறைவிடப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நான் அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஓர் உறைவிடப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினோரு வருடமாக மாணவியர் விடுதியின் தரைத்தளத்தில் குடும்பத்தோடு குடியிருக்கிறேன். மேலே இரண்டு மாடிகளில் 34 பெண்கள். இந்தப் பொறுப்புக்கு இங்கே 'டார்ம் பேரன்ட்' என்று பெயர். வார்டன் வேலையும் அதில் உண்டு, பெரியம்மா வேலையும் உண்டு. சில வருடங்கள் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களையும் படித்திருக்கிறேன். இங்கே எழுதுவது என் சொந்தக் கருத்து என்பதால் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். கோயம்புத்தூர், சென்னை, துபாய், நியூஜெர்சி. யாரோ ஒருவரின் தம்பி, தம்பியின் அலுவலக நண்பர், அவருடைய மைத்துனி. எல்லாருக்கும் பதில் சொல்கிறேன், சொல்வதில் சந்தோஷம்தான். ஆனால் போன வருடம் வந்த ஓர் அழைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பேசியவர் ஓர் அப்பா. 40 நிமிடம் பேசினார். கட்டணம், நுழைவுத் தேர்வு, எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் ஹார்வர்டு போகிறார்கள், எந்தக் கன்சல்டன்ட் நல்லவர். எல்லாம் நியாயமான கேள்விகள். முடிக்கும்போது, "பாப்பாவும் ஏதோ கேட்கணும்னு நிக்கிறா, ஒரு நிமிஷம் குடுக்கட்டுமா?" என்றார். போன் கைமாறியது. காலடிச் சத்தம், கதவு சாத்தும் சத்தம். அப்புறம் 13 வயதுக் குரல், ரொம்ப மெதுவாக:

"ஆன்ட்டி, அங்க குளிக்கிற இடத்துல கதவு இருக்குமா?"

சொன்னேன். ஒவ்வொரு மாடியிலும் பொதுவான குளியலறை ஒன்று இருக்கும். உள்ளே தனித்தனித் தடுப்புகள். கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் உண்டு. ஷவருக்குக் கதவோ திரைச்சீலையோ இருக்கும். துணி மாற்ற உள்ளேயே கொஞ்சம் இடம் இருக்கும், இல்லாத இடங்களில் எல்லாரும் குளியல் அங்கி போட்டுக்கொண்டு வந்து போவார்கள். காலை ஏழு மணிக்கு வரிசை நிற்கும், ராத்திரி குளித்தால் நெருக்கடி இல்லை. அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று விடும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் இன்னும் நாலு கேள்வி கேட்டாள். ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது? அம்மாவோடு தினமும் பேச முடியுமா? வகுப்பில் தப்பாகப் பேசினால் சிரிப்பார்களா? பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா?

அந்த ஐந்து கேள்விகளையும் அவள் எத்தனை மாதம் மனசுக்குள் வைத்திருந்தாளோ தெரியாது. அங்கே போய் நான்கு வருடம் வாழப்போகிறவள் அவள். அப்பா கேட்ட எதற்கும் பதில் தெரியாமல்கூட ஒரு பிள்ளை இங்கே வந்து நன்றாக இருந்துவிடும். இந்த ஐந்துக்கும் பதில் தெரியாமல் வந்த பிள்ளைகள் படும் பாட்டை நான் வருடாவருடம் பார்க்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னால் பிள்ளையைத் தன் கேள்விகளைக் கேட்க விடுங்கள். நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டாம், அவர்களே கேட்கட்டும்.

முதலில் உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். அவற்றுக்குப் பதில் சுலபம்.

சேர்க்கை வேலை ஒரு வருடம் முன்பே தொடங்கிவிடும். செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டுமென்றால், அதற்கு முந்தைய கோடையிலேயே பள்ளிகளைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் நேர்காணல். நேரில் வர முடியாதவர்களுக்கு வீடியோவில் நடக்கும். நிறையப் பள்ளிகளுக்கு ஜனவரி 15 கடைசி நாள், சிலவற்றுக்குப் பிப்ரவரி 1. மார்ச் 10 அன்று முடிவு வரும், ஏப்ரல் 10-க்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருட மதிப்பெண், இப்போது பாடம் எடுக்கும் ஆங்கில ஆசிரியர், கணக்கு ஆசிரியர் இருவரின் பரிந்துரை, பள்ளி முதல்வரின் பரிந்துரை, பிள்ளை எழுதும் கட்டுரைகள், பெற்றோர் எழுதும் ஒரு பக்கம். பல பள்ளிகள் எஸ்.எஸ்.ஏ.டி. என்ற தனியார் பள்ளி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்கும், சில கட்டாயப்படுத்துவதில்லை. வீட்டிலோ பள்ளியிலோ ஆங்கிலம் முதன்மையாக இல்லாத பிள்ளைகளிடம் டோஃபல் அல்லது டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வு கேட்பார்கள்.

எஸ்.எஸ்.ஏ.டி.யில் கணக்கு நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இடறுவது வெர்பல் பகுதியில்தான். இணைச்சொல், சொல்லுக்குச் சொல் உறவு என்று 60 கேள்விகள். பாடப் புத்தகத்தைத் தாண்டி எதுவும் வாசிக்காத பிள்ளைக்கு ஆறு மாதக் கோச்சிங் கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்தத் தேர்வில் பிள்ளை அங்கேயே உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் எழுதியது அப்படியே பள்ளிக்குப் போகும். விண்ணப்பத்தில் உள்ள கட்டுரையையும் அதையும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். ஒன்றில் 45 வயதுக்காரரின் ஆங்கிலம், மற்றதில் 13 வயதுக்காரரின் ஆங்கிலம். அந்த 13 வயது எழுத்துதான் எனக்கு எப்போதும் பிடித்திருக்கிறது. அதில் தாத்தா வீட்டுக் கிணறு இருக்கும், ஆமை வளர்த்த கதை இருக்கும். தயவு செய்து அதையே விண்ணப்பத்திலும் எழுத விடுங்கள்.

பரிந்துரை விஷயத்தில் நம் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளி ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாகப் படிவம் அனுப்பும். ஆசிரியர் நிரப்பி நேரடியாகத் திருப்பி அனுப்புவார். பெற்றோர் பார்க்கக் கூடாது. நம் ஊர் ஆசிரியர் பலருக்கு இது புதிது. மின்னஞ்சல் ஸ்பாமில் போய் விழும், அல்லது "நீங்களே எழுதிக் கொண்டுவாங்க, கையெழுத்துப் போடறேன்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையையே ஆசிரியரிடம் போய் விளக்கமாகச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். "இந்த மாணவி தப்பாகப் போட்ட கணக்கைத் தானே வந்து இன்னொரு முறை போட்டுக் காட்டினாள்" என்று அந்த ஆசிரியர் எழுதும் இரண்டு வரி, சிறந்த மாணவி, ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி என்று அடுக்குவதைவிட எங்களுக்கு எவ்வளவோ உதவும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம். பெயர் பெற்ற நியூ இங்கிலாந்துப் பள்ளிகளில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு சேர்த்து வருடத்துக்கு 70,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ ஆகும். ரூபாயில் 60 லட்சத்தை ஒட்டி வரும். விமானம், மருத்துவக் காப்பீடு, புத்தகம், குளிர்காலத் துணி எல்லாம் தனி. உதவித்தொகை உண்டு. மாசசூசெட்ஸில் உள்ள ஃபிலிப்ஸ் ஆண்டோவர், குடும்பத்தின் பண நிலையைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை 2007-லிருந்து வைத்திருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிலிப்ஸ் எக்ஸெட்டர் 2021-ல் அதே வழிக்கு வந்தது. இப்படிச் செய்ய ஒரு பள்ளிக்குப் பெரிய அறக்கட்டளை நிதி வேண்டும், அது கொஞ்சம் பள்ளிகளிடம்தான் இருக்கிறது. மற்ற இடங்களில், முக்கியமாக வெளிநாட்டுப் பிள்ளைக்கு, உதவி கேட்டால் போட்டி இன்னும் கடுமை. அதற்காகக் கேட்காமல் இருந்துவிட்டு, இடம் கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கிடைக்காது, அப்போது பிள்ளையின் மனசு உடையும்.

பணத்தில் பிள்ளைக்கும் ஒரு கேள்வி உண்டு, உங்களிடம் கேட்க மாட்டார்கள். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு, டிசம்பர் தேர்வுக்கு முந்தின ராத்திரி, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "மிஸ், எங்க ஊர் வீட்டை வித்துட்டாங்களான்னு அப்பாகிட்ட எப்படிக் கேக்குறது?" என்றாள். மூன்று மாதமாக அந்த ஒரு கேள்வியோடுதான் அவள் வகுப்புக்குப் போய்வந்திருக்கிறாள். மதிப்பெண் இறங்கியதற்குக் காரணம் கணக்கு புரியாதது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு செலவு, எங்கிருந்து வருகிறது, எது வரை தாங்கும் என்பதை 13, 14 வயதுப் பிள்ளையிடம் உட்கார்ந்து சொல்லலாம். புரிந்துகொள்வார்கள். விசாவுக்காகப் பள்ளி தரும் ஐ-20 படிவத்துக்கே வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாத அலுவலகத்துக்குக் காட்டுவதை உங்கள் பிள்ளையிடம் மறைக்க என்ன இருக்கிறது?

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளிக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் நான்கு வருடமும் படிக்கலாம். அரசுப் பொது உயர்நிலைப் பள்ளியில் எஃப்-1 விசாவில் அதிகபட்சம் 12 மாதம்தான், அதற்கும் முழுச் செலவையும் கட்ட வேண்டும். அதனால் "சித்தப்பா வீட்டில் தங்கி அங்கே கவர்மென்ட் ஸ்கூலில் படிக்கட்டும்" என்ற திட்டம் நடக்காது. ஐ-20 வந்ததும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், அப்புறம் விசா விண்ணப்பம், நேர்காணல். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதிகாரி கேள்வியைப் பிள்ளையிடமே கேட்கலாம். நீங்கள் இடையில் புகுந்து பதில் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஹார்வர்டு பற்றி. ஆண்டோவர் 1778-ல் தொடங்கியது, எக்ஸெட்டர் 1781-ல். அமெரிக்க அரசியல் சாசனத்தைவிட வயதில் மூத்த பள்ளிகள் இவை. ஒரு காலத்தில் இங்கிருந்து ஹார்வர்டு, யேலுக்கு ராஜபாட்டை போட்டது போலப் பிள்ளைகள் போனது உண்மை. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது உங்கள் பிள்ளையின் வகுப்பில் இருக்கும் எல்லாருமே தங்கள் ஊரில் முதல் மாணவர்கள், எல்லாரும் அதே பத்துக் கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். ஹார்வர்டுக்காக மட்டும் அனுப்புவதாக இருந்தால் அனுப்பாதீர்கள். 14 வயதில் வீட்டை விட்டு வருவதற்கு அது போதுமான காரணம் இல்லை.

இனி அந்தப் பெண்ணின் கேள்விகளுக்கு வருகிறேன்.

ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது? என்னை. விடுதிக்கு விடுதி என்னைப் போல ஒருவர் இருப்பார், ஒவ்வொரு மாடியிலும் பெரிய வகுப்பு மாணவி ஒருத்தி பொறுப்பில் இருப்பாள். வளாகத்தில் மருத்துவ மையம் இருக்கும், நிறையப் பள்ளிகளில் ராத்திரியும் நர்ஸ் இருப்பார். நீங்கள் பெட்டியில் அடுக்கி அனுப்பும் டோலோ 650, ஆன்டிபயாட்டிக், இருமல் மருந்து எல்லாவற்றையும் பொதுவாக முதல் நாளே மருத்துவ மையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சீட்டு இல்லாத மருந்தைப் பிள்ளையின் மேஜை டிராயரில் கண்டால் அது ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகலாம். தினமும் சாப்பிட வேண்டிய மருந்து இருந்தால் மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி அனுப்புங்கள். இன்னொன்று: காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருப்பதால் தோலில் செய்யும் பரிசோதனை சும்மாவே பாசிட்டிவ் காட்டலாம். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இது தெரியாமல் முதல் வாரமே எக்ஸ்ரே, டாக்டர் என்று அலைந்து பயந்துபோன பிள்ளைகள் உண்டு.

அம்மாவோடு தினமும் பேச முடியுமா? முடியும். ஆனால் இதில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். இங்கே ராத்திரி 10 மணி என்றால் தமிழ்நாட்டில் காலை 7:30, குளிர்காலத்தில் 8:30. எட்டு மணியிலிருந்து பத்து வரை படிப்பு நேரம், அதன் பிறகு கொஞ்ச நேரம், அப்புறம் விளக்கணைப்பு. சில பள்ளிகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் போனை ராத்திரி வாங்கி வைத்துவிடுவார்கள். எங்கள் விடுதியில் மதுரைப் பெண் ஒருத்தி இருந்தாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்கே விடியற்காலை, அவளுடைய அம்மா எழுந்து வீடியோவில் வந்துவிடுவார். "சாப்பிடும்போது நான் கூட இருக்கேன்" என்பார். பிள்ளை சாப்பாட்டுக் கூடத்திலிருந்து டப்பாவில் எடுத்துவந்து அறையில் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். அக்டோபர் முடியும் வரை அவளுக்கு ஒரு சிநேகிதியும் இல்லை. இங்கே சிநேகிதம் பிறப்பதே அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான். நானே அந்த அம்மாவைக் கூப்பிட்டு, இரண்டு வாரம் மட்டும் ஆறு மணிக்குக் கூப்பிட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசுங்கள் என்று கேட்டேன். அழுதார். நானும்தான். ஆனால் செய்தார். நவம்பரில் அந்தப் பெண் கொரியப் பெண் ஒருத்தியோடு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை ஜன்னல் வழியே பார்த்தபோது போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் போல இருந்தது.

வீட்டு நினைப்பு வரும். வராமல் இருக்காது. நானே 11 வயதில் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்ந்தவள். டிரங்குப் பெட்டியும், ஞாயிற்றுக்கிழமை எழுதும் இன்லேண்ட் லெட்டரும்தான் அப்போது. அதனால் எனக்கு அந்த வலி தெரியும். முதல் மூன்று வாரம் புதுமையில் ஓடிவிடும். அக்டோபர் நடுவில் பெற்றோர் வார இறுதி வரும். மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மா எல்லாம் வளாகத்தில் நடமாடுவார்கள். அன்று சாயங்காலம்தான் வீட்டு நினைப்பு பலமாகத் தாக்கும். அப்புறம் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அடுத்த நாள் நாலரை மணிக்கெல்லாம் இருட்டு கட்டும். விளையாட்டு முடிந்து அந்த இருட்டில் பனியில் நடந்து வரும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். முன்னாலேயே சொல்லி வைத்திருந்தால், "ஓ, இதுதானா அது" என்று தாண்டிவிடுகிறார்கள். சொல்லாமல் வந்தவர்கள் தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நவம்பர் கடைசியில் தேங்ஸ்கிவிங் விடுமுறை. பல பள்ளிகளில் விடுதியையே பூட்டிவிடுவார்கள். குளிர்கால விடுமுறைக்கு ஊருக்கு வரலாம், ஒரு வார விடுமுறைக்கு யார் வீட்டுக்குப் போவது? மார்ச்சில் இன்னொரு நீண்ட விடுமுறை வரும். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட பெற்றோரை விரல் விட்டு எண்ணிவிடலாம். உறவினர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் பள்ளி ஏற்பாடு செய்யும் விருந்தோம்பல் குடும்பமா, விடுதி ஒன்றையாவது திறந்து வைப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு பரவாயில்லை. சைவம் தினமும் இருக்கும். சோறு இருக்கும், நம் சோறு இருக்காது. விடுதி அறையில் ரைஸ் குக்கரும் கெட்டிலும் தீப்பிடிக்கும் என்று தடை. பெட்டியில் வந்த குக்கர்கள் இரண்டு என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஞாயிறு மதியம் என் சமையலறைக்கு வந்து வைத்துக்கொள்கிறார்கள். ரசம் வைத்தால் கொரியப் பெண்ணும் நைஜீரியப் பெண்ணும் டம்ளரோடு வருகிறார்கள்.

வகுப்பில் தப்பாகப் பேசினால் சிரிப்பார்களா? இந்தக் கேள்வியில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. 1930-ல் எட்வர்டு ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் எக்ஸெட்டர் பள்ளிக்குப் பெரிய தொகை கொடுத்தார். ஆசிரியர் முன்னால் நின்று பேச, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கேட்பது வேண்டாம் என்பது அவர் எண்ணம். முட்டை வடிவ மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் அளவில் பிள்ளைகள் உட்கார்ந்து, ஆசிரியரும் அதே மேஜையில் ஒருவராக உட்கார்ந்து, பேசியே பாடம் நடக்கும் முறை அப்படி வந்தது. இன்று நிறைய உறைவிடப் பள்ளிகளில் இதுவோ இதன் சாயலோ உண்டு. கணக்கு வகுப்புகூட அப்படித்தான். முந்தின நாள் கொடுத்த கணக்குகளைப் பிள்ளைகள் பலகையில் போட்டு, ஒருவர் போட்டதை இன்னொருவர் கேள்வி கேட்பார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, தெரிந்தால் மட்டும் கையைத் தூக்கு, தப்பாகச் சொன்னால் மானம் போய்விடும் என்று வளர்த்திருக்கிறோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அவர்கள் பதிலோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த இடைவெளியில் நுழைவது என்று தெரிவதில்லை. நுழைய வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "மிஸ், எனக்குத் தெரியும்" என்கிறார்கள். அந்தந்தப் பாடத்தில் பங்கெடுப்பதற்கும் மதிப்பெண் உண்டு என்பதால் முதல் அறிக்கையில் 'பேசுவதில்லை' என்று வந்துவிடுகிறது. முதல் மாணவியாக இருந்து வந்த பிள்ளைக்கு அது பெரிய அடி.

சிரிக்க மாட்டார்கள், பெரும்பாலும். மற்றவர்களும் தப்பாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இதை இங்கே வந்து கற்றுக்கொள்வதைவிட உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்கலாம். "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். உங்களுக்கு மாறாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் கேளுங்கள். சேர்க்கை நேர்காணலும் கிட்டத்தட்ட இதுதான். முதலில் பிள்ளையிடம் தனியாக அரை மணி நேரம் பேசுவார்கள், அப்புறம்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். முடிக்கும்போது கட்டாயம், "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்பார்கள். "ஒன்றுமில்லை, அப்பா ஏற்கெனவே மெயிலில் கேட்டுவிட்டார்" என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. அந்த இடத்தில் குளியலறைக் கதவைப் பற்றிக் கேட்டால்கூட நான் நல்ல மதிப்பு கொடுப்பேன். தன் வாழ்க்கையைத் தானே யோசிக்கிற பிள்ளை என்று தெரிந்துவிடும்.

அவள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வயதில் கேட்கத் தெரியாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். 2016-ல் பாஸ்டன் குளோப் பத்திரிகை நியூ இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் நடந்த பாலியல் அத்துமீறல்களைத் தொடர்ந்து எழுதியது. 2017-ல் கனெக்டிகட்டில் உள்ள சோட் ரோஸ்மேரி ஹால், தன்னிடம் பல பத்தாண்டுகளாக வேலை பார்த்த ஆசிரியர்கள் சிலர் மாணவர்களிடம் அத்துமீறியதை விசாரித்த அறிக்கையைத் தானே வெளியிட்டது. மற்றப் பள்ளிகள் சிலவும் பழைய கதைகளைத் திறக்க வேண்டி வந்தது. அதன் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன, பயிற்சி கட்டாயமாகியிருக்கிறது. இருந்தாலும் கேளுங்கள். பிள்ளையின் அறைக்குள் எந்தப் பெரியவர் எப்போது வரலாம்? என்னைப் போன்ற விடுதிப் பொறுப்பாளரைப் பற்றியே புகார் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளை யாரிடம் போவது? மனநல ஆலோசகர் வளாகத்தில் முழுநேரம் இருக்கிறாரா? இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். என்னைக் கேட்கும் பெற்றோர்மீது எனக்கு மரியாதை கூடுகிறது. பிள்ளையிடமும் பேசிவிடுங்கள்: யாராவது சங்கடப்படுத்தினால் எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடு, உன்மேல் கோபப்பட மாட்டோம் என்று.

கடைசிக் கேள்வி. பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா?

அந்தப் பெண்ணுக்கு இதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. "இதை அப்பாகிட்ட கேளும்மா, நான் சொல்ல முடியாது" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னைத் தூங்கவிடாதது.

நீங்கள்தான் சொல்ல வேண்டும், விண்ணப்பிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். இதில் நடைமுறை விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பிள்ளை நடுவில் போய்விட்டாலும் அந்த வருடத்தின் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். இதற்காகவே கட்டணத்தைத் திரும்பத் தரும் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது, பள்ளியிலேயே கேட்டால் சொல்வார்கள். எதற்கு எவ்வளவு தருவார்கள் என்று படித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பினால் எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதையும் பழைய பள்ளி முதல்வரிடம் இப்போதே பேசி வையுங்கள். சி.பி.எஸ்.இ.யில் 10, 12-ஆம் வகுப்புகளில் புதிதாகச் சேர்ப்பது சுலபம் இல்லை. அதனால் வருவதென்றால் எப்போது வரலாம் என்று ஒரு கணக்கு வேண்டும். ஒரு வருடம் முடித்துப் பார், அதற்கப்புறமும் வேண்டாம் என்றால் வந்துவிடு, உன் அறை அப்படியே இருக்கும் என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். நான் பார்த்தவரையில் அவர்கள் நிம்மதியாகத் தங்கிவிடுகிறார்கள். "இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம், எப்படியாவது சமாளி" என்று கேட்டுவிட்டு வந்த பிள்ளைகள்தான் ராத்திரி 11 மணிக்கு என் கதவைத் தட்டுகிறார்கள்.

நியூஜெர்சியிலோ நியூயார்க்கிலோ இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு விசாவும் நேர வித்தியாசமும் கிடையாது, மற்றதெல்லாம் ஒன்றுதான். நான்கு மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம் என்ற தைரியத்தில் பிள்ளையிடம் பேசாமலே அனுப்பிவிடுகிறவர்கள் உங்களில் அதிகம்.

இந்த வருடமும் என்னைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நேரம் காலை 9 மணி. உங்களுக்கு மாலை 6:30, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து 7:30. முதல் பதினைந்து நிமிடம் பிள்ளை பேசட்டும். போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் அந்த அறையில் இல்லாமல், மொட்டை மாடிக்கோ பக்கத்துக் கடைக்கோ ஒரு நடை போய்விட்டு வாருங்கள். உங்கள் கேள்விகளுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
ஒரு விடுதி ஆசிரியை